குட்டி தனியாக ஏறினான்

காருக்குள் டீச்சர் தலையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் ஜன்னல் விளிம்புக்கு மேலே இருந்தது.

அதே சாலையோரத்தில், கொஞ்சம் முன்னால் இருந்த பஸ் நிறுத்தத்தில், அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். ஆள் ஆறடி, மீசையில் நரை தட்டியாயிற்று, பெயர் மட்டும் இன்னும் குட்டி.

இன்றுதான் முதல் தடவை, தனியாக.

நாளைக் காலை டீச்சர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இதயத்தில் ஆபரேஷன். பிழைத்து வந்தால் சந்தோஷம். வராவிட்டால் குட்டி தன் தங்கையின் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அவள் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவள். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் தானாக ஏறி, உறை ஒட்டும் பட்டறைக்குப் போய்த் தானாகத் திரும்புகிறவன் என்றால் அண்ணனை வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் விடுதிதான் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டாள்.

குட்டியைப் போல மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான சிறப்புப் பள்ளியில் பாடம் சொல்லியும், அங்கே பாடம் சொல்லப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் தலை நரைத்தவர் டீச்சர். முதலில் கையைப் பிடி, பிறகு பக்கத்தில் நில், பிறகு பின்னால் போ, கடைசியில் கண்ணிலேயே படாதே. இதை எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பார், கணக்கே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம். சொந்த மகனின் கையை, டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவரிடம் பயிற்சி பெற்று, அதே பள்ளியில் வேலை பார்க்கும் பெண். வாய் ஓயாமல் தைரியம் சொன்னாள். இரண்டு மாதமாக நீங்கள் நிறுத்தத்தில் ஓரமாக நிற்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசுவதில்லை, விரல்கூட நீட்டுவதில்லை, அவர்தானே நம்பரைப் பார்த்து ஏறுகிறார், பிறகென்ன பயம் என்று கேட்டாள்.

உண்மைதான். ஏறுவதற்கு முன் ஒரே ஒரு தடவை திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவே எத்தனை வலி இருந்தாலும் டீச்சர் காலையில் எழுந்துவிடுவார்.

பஸ் வந்தது.

குட்டி நிமிர்ந்து நம்பரைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்தான். திரும்பினான்.

ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

நம்பர் மறந்துவிட்டதா? கூட்டத்தைக் கண்டு மிரண்டுவிட்டானா? டீச்சரின் கை தானாகக் கதவைத் திறக்கப் போனது. அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். இப்போது இறங்கினால் பட்ட பாடெல்லாம் வீண் என்று அவருடைய பாடத்தையே அவருக்கு ஒப்பித்தாள்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பதினேழு வந்தது. மறுபடியும் நம்பரைப் பார்த்தான், பாஸை எடுத்தான், திரும்பினான். அவனுக்குப் பின்னால் நின்ற கனத்த ஆசாமி ஒருவர், பஸ்ஸுக்குள் யாரோ தெரிந்தவரைக் கண்டு லேசாகத் தலையசைத்தார்.

குட்டி உடனே ஏறிவிட்டான்.

"ஏறிட்டாரு டீச்சர். பாத்தீங்களா, தனியா ஏறிட்டாரு."

டீச்சர் பார்த்தார். அவளுக்குத் தெரியாததையும் சேர்த்துப் பார்த்தார்.

பிள்ளை புத்தகத்தைப் பார்க்கவில்லை, உங்கள் மூஞ்சியைப் பார்த்து விடை சொல்கிறது, முதலில் அதை அடக்குங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் திட்டுகிறவர் அவர். மகனுக்காக வாயைக் கட்டினார், விரலைக் கட்டினார். தன் தலை தினமும் அசைந்தது அவருக்கே தெரியாது. பாசத்தில் பார்க்கிறான் என்று பூரித்துப் போயிருந்தார். அவன் உத்தரவுக்காகப் பார்த்திருக்கிறான்.

இனி யார் தலையசைத்தாலும் போய்விடுவான். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நிம்மதியா அட்மிட் ஆகலாம், இல்லையா டீச்சர்?"

இல்லையம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் தலை மேலும் கீழும் அசைந்துவிட்டது.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் வண்டியைக் கிளப்பினாள்.