வடக்குச் சுவர்

"அழகி, நம்ம சுவரை மறுபடியும் யாரோ தின்னிருக்காங்க!"

சேரன் போட்ட சத்தத்தில் அழகி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தாள். வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. நேற்று கை நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. இன்று தலையையே விடலாம்.

தின்னக்கூடிய சுவர்தான். கீரனூருக்கு வெளியே வாங்கிய பத்து சென்ட் நிலத்தில், கொத்தனார் யாரையும் கூப்பிடாமல், இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, புருஷனும் பெண்டாட்டியுமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை போட்டு, சுவருக்கு மண் பூசிவிட்டால் வேலை முடிந்தது. சேரன் திருச்சியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். வீடு கட்டும் வித்தையெல்லாம் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அழகி பொன்னமராவதிப் பக்கத்து விவசாயி மகள்.

"எலியா இருக்குமோ?"

"எலி இப்புடியா திங்கும்? விடுங்க. அங்கிட்டு ஒரு ஜன்னல் வச்சுக்கலாம்."

சேரனுக்கு ஒன்றுமே புரியவில்லை. வீட்டைச் சுற்றி மிச்ச வைக்கோல் குவியல் குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு தாளைக்கூட எதுவும் தொடவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு எதற்கு இந்தச் சுவர்? அதிலும் எதற்கு இந்த ஒரே கட்டு? வீட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இவள் என்ன ஜன்னல் கதை பேசுகிறாள்?

அவனுக்கு ஓட்டையைவிடப் பெரிய கவலை கூரைதான். தகர ஷீட் லாரி வர வழி இல்லை. முன்பக்கத்து நிலத்துக்காரர் முத்துராஜ், "வைக்கோல் வீடு தீப்பிடிச்சா எங் கரும்பும் சேந்து எரியும்" என்று சொல்லி, காலங்காலமாக இருந்த வண்டிப்பாதையில் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். மண் பூசிய சுவர் தீப்பிடிக்காது என்று சேரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் காதிலேயே வாங்கவில்லை. மூன்று வாரமாக இவர்கள் கண்மாய்க்கரையைச் சுற்றி நடந்துதான் வந்துபோகிறார்கள். மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. நனைந்தால் கட்டெல்லாம் உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். ஆறு மாத உழைப்பும் எருக்குழிக்குத்தான் போகும்.

"யோவ்! இங்க வாய்யா!"

முத்துராஜ்தான். கையில் ஒரு முறிந்த முள் கொம்பு.

"மூணு நாளா எம் வேலியப் பிரிச்சுப் போடுறது நீதானே?"

"நானா? சத்தியமா நான் தொடலண்ணே. எஞ் சுவரைத் தின்னு ஓட்டை போட்டது நீங்கதானே?"

"நான் எதுக்குய்யா வைக்கோலைத் திங்கப் போறேன்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பாதைப் பக்கம் முள் முறியும் சத்தம் கேட்டது.

கோயில் காளை! அய்யனாருக்கு ஊரே சேர்ந்து நேர்ந்துவிட்டது. யார் வயலில் மேய்ந்தாலும் அதை ஒருவரும் விரட்ட மாட்டார்கள். ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்த்துவிடுவதும் அதைத்தான். யாரும் அதன்மேல் கை வைப்பதில்லை. அது கொம்பால் முள்ளை ஒதுக்கித் தள்ளி உள்ளே நுழைந்தது. சிதறிக் கிடந்த வைக்கோலை மிதித்துக்கொண்டே நேரே வடக்குச் சுவருக்குப் போய், ஓட்டைக்குள் முகத்தை விட்டு இழுத்து இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

முத்துராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி மாட்டையா நான் மூணு நாளா மறிச்சேன்?"

"ஊருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்கண்ணே" என்றாள் அழகி மெதுவாக.

"ஊருக்குத் தெரியவே வேணாம் ஆத்தா! சாமி நடந்த பாதைய இனிமே நான் அடைப்பேனா? நீங்க லாரியக் கூப்பிடுங்க."

அன்று மத்தியானத்துக்குள் அவரே முள்ளையெல்லாம் இழுத்துப் போட்டுப் பாதையைத் துப்புரவு செய்துவிட்டார்.

மறுநாள் ஷீட் வந்து இறங்கியது. நான்காம் நாள் கூரை ஏறியது. ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சுவரில் ஒரு சொட்டு விழவில்லை. புதுக் கூரைக்குக் கீழே நின்று மழையைப் பார்த்தபோது சேரனுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் குழப்பம் மட்டும் தீரவில்லை.

"முள்ளு கெடந்தப்ப தெனமும் வந்து சுவரைத் தின்னுச்சு. இப்பப் பாதை தெறந்தே கெடக்கு. காளை இங்கிட்டு எட்டிக்கூடப் பாக்கலையே, ஏன் அழகி?"

அழகி வடக்குச் சுவர் ஓட்டையில் புது வைக்கோலை வைத்துத் திணித்தபடியே சொன்னாள்:

"உப்புத்தண்ணி தெளிச்ச வைக்கோல்னா மாடு எந்த முள்ளையும் தாண்டி வரும்ங்க. அதான் பாதை கெடச்சிருச்சே, இனிமே நான் எதுக்குத் தெளிக்கணும்?"