ஒரு நூல் உயரம்

“எட்டு பெரிசா, நாலு பெரிசா?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. “அஞ்சு பெரிசா, மூணு பெரிசா? இதுல என்ன யோசனை வேண்டிக்கிடக்கு?”

பெண்ணின் அப்பாவுக்குத் தலை சுற்றியது. அவர் தச்சர். ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். அதில் பாதி பிசகினால்கூட, செய்து முடித்த அலமாரியைப் பிரித்துப் போட்டுவிடுவார் என்பதால் தொழிலில் அவரை எல்லோரும் ‘அரைநூல்’ என்றே கூப்பிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், அவர் செய்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு ஓர் அம்மாள் இப்படிக் கணக்குச் சொன்னால் மனிதர் என்னதான் செய்வார்?

எல்லாம் மாப்பிள்ளையின் அத்தை இழுத்துவிட்ட வினை. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அப்பாவின் அக்கா இருந்தார், நாலு அப்பாவுக்குச் சமமாக. வந்து உட்கார்ந்ததும் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை, குணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

“பொண்ணு பையனைவிட ஒரு நூல் உயரமா இருந்தாலும் இந்தக் கல்யாணம் நடக்காது. இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

“அதுக்கென்னம்மா, ரெண்டு பேரையும் சேர்த்து நிக்க வெச்சுப் பார்த்துடலாம்” என்றார் அரைநூல்.

“நல்லாயிருக்கே! பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே ரெண்டும் ஒட்டி நிக்கறதா?” அத்தை கன்னத்தில் கை வைத்தார். மூன்று வருடமாக ஒரே அலுவலகத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிற இருவரும் பரம சாதுக்களாகத் தரையைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. அரைநூல் டேப்பை எடுத்தார். மகளை உள்ளறைச் சுவரோரமும் பையனை வாசல் நிலையோரமும் நிறுத்தி அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் ஒரு தாளில் எழுதினார்.

பெண், ஐந்தடி 6¾ அங்குலம். பையன், ஐந்தடி 6⅝ அங்குலம்.

எழுதி முடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மகள்தான் உயரம். சரியாக ஒரு நூல்.

இந்தப் பையன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிறவள் அவள். ஓர் எண்ணை மாற்றி எழுதினால் தீர்ந்தது. பாழாய்ப்போன கை அதற்கு வரவில்லை. தாளை அப்படியே அத்தையிடம் நீட்டினார்.

அத்தை அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது. “என்ன இது, ஆறுக்குப் பக்கத்துல மாடி வீடு மாதிரி மேல ஒண்ணு கீழ ஒண்ணு? நீயே பார்த்துச் சொல்லு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தார்.

அந்த அம்மாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று மகள் சொல்லியிருந்தாள். என்ன வேலை என்று அரைநூல் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்து, தாளை ஒரே ஒரு கணம் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கேட்டார் அந்த ‘எட்டு பெரிசா, நாலு பெரிசா.’

“அப்படியில்லீங்கம்மா” என்று ஆரம்பித்தார் அரைநூல். “ரெண்டையும் நூலா மாத்திப் பார்த்தோம்னா...”

“நூலும் வேண்டாம், கயிறும் வேண்டாம்” என்று வெட்டினார் அந்த அம்மாள். “அண்ணி, மேல இருக்கறதும் நம்ம பையனோடதுதான் பெரிசு, கீழ இருக்கறதும் நம்ம பையனோடதுதான் பெரிசு. போதுமா?” பையனின் அளவுக்குப் பக்கத்தில் சிவப்பில் கொட்டை டிக் ஒன்று விழுந்தது.

அரைநூல் வாயைத் திறந்தார். மகள் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். மூடிக்கொண்டார்.

ஆனால் உள்ளே கொதித்தது. ஒரு நூல் வித்தியாசம் தெரியாத இந்த அம்மாள் எந்த ஆபீசில் என்னத்தைக் கிழித்துவிட்டு ஓய்வு பெற்றாரோ? அத்தனை வருடம் சம்பளம் கொடுத்த புண்ணியவானுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“பார்த்ததுமே நினைச்சேன், நம்ம பையன்தான் உயரம்னு. என் கண்ணு தப்பவே தப்பாது” என்றார் அத்தை. கல்யாணம் முடிவாகிவிட்டது.

எல்லோரும் கிளம்பினார்கள். அத்தை முதல் ஆளாகப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அரைநூலுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. நாளைக்கு உண்மை தெரிந்தால் ஏச்சும் பேச்சும் மகள் தலையில் அல்லவா விழும்? ஓடிப்போய் மாப்பிள்ளையின் அம்மாவை வாசற்படியில் மறித்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. மறைச்சுக் கட்டிக் கொடுத்தோம்னு பேச்சு வரக் கூடாது. நாலுல மூணுன்னா ஆறு நூல். எட்டுல அஞ்சுன்னா வெறும் அஞ்சு நூல்தான். என் பொண்ணுதாங்க உயரம்” என்றார்.

அந்த அம்மாள் கார் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு சிவப்புப் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தேன் சம்பந்தி, தெரிஞ்சே தப்பான விடைக்கு டிக் போட்டது இன்னைக்குத்தான்.”