ஐந்து சென்டிமீட்டர்

செங்கல்பட்டு மைதானத்தில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். சட்டை கழற்றிய முதுகுகளில் காலை வெயில் வழுக்குகிறது. தணிகாசலத்தின் முறை வருகிறது. அளவு நாடா சில்லென்று அவன் மார்பைச் சுற்றுகிறது. "தொண்ணூத்தாறு!" என்று ஏட்டு புருவத்தைத் தூக்குகிறார். எண்பத்தொன்று இருந்தால் போதும். எட்டு மாதம் சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் ஒரு தகரக் கொட்டகையில் பளு தூக்கிச் சேர்த்த மார்பு இது. முதல் வாரம் வெறும் கம்பிக்கே நடுங்கிய கைகளில் இன்று காய்ப்பு ஏறியிருக்கிறது; எண்பது கிலோ வைத்தாலும் தோள் அசையாது. "மூச்ச இழு. அஞ்சு சென்டி விரியணும்." இழுக்கிறான். பளுவுக்கு அடியில் பழகிய மூச்சு நேராக அடிவயிற்றுக்கு இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. வயிறு கல்லாகிறது, மார்பு அப்படியே நிற்கிறது. "இன்னாபா, மூணுதான் கீது. இன்னொரு வாட்டி இழு." கழுத்து நரம்பு புடைக்க இழுக்கிறான், பூட்டுதான் இன்னும் இறுகுகிறது. நாடாவில் அதே மூன்று. சிவப்பு மை அவன் பெயரை அடிக்கிறது. அடுத்து நிற்கும் கோதண்டம், கம்பியைத் தொட்டே பார்க்காத கூட்டாளி, விலா எலும்பு தெரிய எண்பத்தொன்றிலிருந்து எண்பத்தேழுக்கு உப்பித் தேறுகிறான். "சும்மா நெஞ்ச தூக்கிக் காட்டறதுதானடா மச்சான், உனக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டபடி அவனுடைய சட்டையை எடுத்து நீட்டுகிறான். கொட்டகைக்குப் போகும் முன்பே தைத்த சட்டை. தணிகாசலம் அதை மாட்டிக்கொள்கிறான். மார்புப் பொத்தான் எட்டவில்லை. மூச்சு முழுவதையும் வெளியே விட்டுப் பார்க்கிறான். அப்போதும் எட்டவில்லை.