மாடி ரூம் லைன்

"ரூமுக்கு ரூம் வயர்தான் போகுதே, அப்புறம் எதுக்கும்மா வைஃபை?"

கேட்டபிறகு நெட்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கூப்பிட்ட வேலையையே வேண்டாம் என்று சொல்லவைக்கிற அளவுக்கு அலுப்பு. காலையிலிருந்து இது ஐந்தாவது வீடு. மதியச் சாப்பாடு பிரிக்காமல் பையிலேயே கிடந்தது. படி ஏறினால் முழங்கால் வேறு விண் விண்ணென்று தெறித்தது.

"என் போனுக்குத் தம்பி," என்றார் வீட்டுக்காரம்மா. "போன்ல போய் வயரைச் சொருக முடியுமா?"

அதுவும் நியாயம்தான். கம்ப்யூட்டர் புதிதாக வந்த காலத்தில் யாரோ ஆசை ஆசையாக அறைக்கு ஒரு வயர் இழுத்து, எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து வைஃபை பெட்டியில் கொடுத்தால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

"அப்போ ஹால்லயே மாட்டிடறேன்."

"ஹால்ல வேணாம். மாடி ரூம் வாசல்கிட்ட மாட்டுங்க. அங்கதான் நல்லா எடுக்கணும்."

"நீங்க இருக்கிறது கீழ. சமையல்கட்டும் கீழ. மேல யாரும்மா போன் பார்க்கப் போறா?"

"துணி காயப்போட மேலதானே போறேன்? பாட்டு கேட்டுக்கிட்டே போடுவேன்."

துணி காயப்போட ஒரு வைஃபை! எல்லாம் என் தலையெழுத்து என்று அவர் ஏணியைத் தூக்கினார்.

"சரிம்மா, அந்த ரூமுக்கு ஏற்கெனவே ஒரு வயர் போகுதுல்ல? அதுலயே கொடுத்துடறேன். புதுசா இழுக்கிற வேலை மிச்சம்."

"ஐயையோ, அந்த வயர் பக்கமே போகாதீங்க! எங்க வீட்டுக்காரர் உள்ள வேலையா இருக்கார். ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் ஆபீஸ் வேலை அவருக்கு. மீட்டிங் மேல மீட்டிங்."

அதற்குமேல் வாயாட அவருக்குத் தெம்பு இல்லை. பயமும் ஒரு காரணம். போன வாரம் ஒரு வீட்டில் தவறான வயரைப் பிடுங்கித் தொலைத்தார். அந்த வீட்டுப் பெண் எழுதிக்கொண்டிருந்த பரீட்சை பாதியில் நின்றுபோய், புகார் நேராக ஆபீசுக்குப் போனது. 'இன்னொரு புகார் வந்துச்சு, பையை இங்க வெச்சிட்டு வீட்டைப் பார்த்துப் போய்யா' என்றார் மேனேஜர். நாற்பத்தாறு வயதில் வேறு வேலைக்கு எங்கே போய் நிற்பது?

மாடியில் ரூம் வாசலருகே சுவரில் இரண்டு துளை போட்டிருப்பார். கதவு திறந்தது. மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, கையில் பழைய பட்டன் போன்.

"என்னப்பா சத்தம்?"

"வைஃபை சார். அம்மா சொன்னாங்க."

"என்னவோ பண்ணுங்க. ஆனா என் லைனைத் தொட்டுடாதீங்க. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் மீட்டிங்ல இருக்காங்க. நடுவுல கட்டாச்சுன்னா என் மானமே போயிடும்."

"சத்தியமா தொட மாட்டேன் சார்."

கதவு மூடிக்கொண்டது. நெட்காரர் கடைசித் திருகாணியை மூச்சுவிடாமல் முடுக்கினார். புது வயரைப் படிச் சுவரோரமாகவே இழுத்துக்கொண்டு கீழே வந்து, குனிந்து, முழங்காலைத் திட்டிக்கொண்டு படிக்கு அடியில் நுழைந்தார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே வயர்கள் இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக் கிடந்தன. புது வயருக்கு வழி பண்ண இரண்டை ஒதுக்கினார். மூன்றாவது ஒன்று, எங்கும் சொருகாமல், முனை வெளியே வந்து அந்தரத்தில் தொங்கியது. அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 'மாடி ரூம்.'

அவருக்கு உயிர் நின்றுவிட்டது. போச்சு. பிடுங்கிவிட்டேன். மறுபடியும் பிடுங்கித் தொலைத்துவிட்டேன்!

அவசரமாக வயரைப் பிடித்துச் சொருகப் போனார். பின்னாலிருந்து ஒரு கை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"வேணாம். சொருகாதீங்க."

"அம்மா, தெரியாம நடந்துபோச்சும்மா. சார் மீட்டிங்ல இருக்கார், ஒரு செகண்டுல சொருகிடறேன். ஆபீசுக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும். என் பொழப்பே இதுலதான் இருக்கு."

அந்தம்மா மாடியில் மூடிக் கிடந்த கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பிடுங்கினது நீங்க இல்ல தம்பி, நான். பெருக்கும்போது துடைப்பம் மாட்டி இழுத்துடுச்சு. இப்பக் கத்திக்கிட்டே இறங்கி வருவார்னு பயந்து நின்னேன், வரல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து, 'இன்னிக்கு மீட்டிங் ஜாஸ்தி'ன்னார். இது நடந்து நாலு மாசம் ஆச்சு."

நெட்காரர் வயரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அதைச் சொருகினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். வைஃபைன்னா என் போனுக்குன்னு நினைச்சுக்குவார். வேற வேலை தேடறதுக்காவது அவருக்கு நெட் வேணுமே தம்பி... பாஸ்வேர்டை மட்டும் பெரிய எழுத்துல எழுதிக் கொடுங்க, படிச் சுவத்துல ஒட்டி வைக்கிறேன், அவரா வாய் திறந்து கேட்க மாட்டார்."