முளைத்த எலும்பு

சவிரிமுத்துவின் இடுப்பெலும்பில் ஒரு துண்டை எடுத்து, நொறுங்கிப்போன அவன் தாடையில் பொருத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு சொல்லும் பேசவில்லை.

"அந்தோனியார் கோவிலாலையோ வாறாய், பிள்ளை?" டாக்டர் அவன் மனைவி றெஜினாவிடம் கேட்டார்.

"ஓம் ஐயா. ஒவ்வொரு செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்திறனான்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். "பார், புது எலும்பு வளந்திட்டுது. உன்ரை அந்தோனியார் கேட்டிட்டார்."

றெஜினா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"வளரக்கூடாதெண்டுதான் கொளுத்தினனான், ஐயா."

அப்போதுதான் டாக்டருக்குக் கட்டிலோரத்தில் இருந்த சிறைக்காவலனின் நினைவு வந்தது. கவர்னர் சவிரிமுத்துவின் கருணை மனுவை நிராகரித்துவிட்டார். தாடை குணமாகும்வரைதான் தூக்குத் தண்டனை தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

சவிரிமுத்து தாடையை மெல்ல அசைத்தான்.

"அழாதை, றெஜினா. உன்னோடை ஒருக்காக் கதைக்க வேணுமெண்டு நானும் அந்தோனியாருக்கு நேந்தனான்."