குருவியா, சுத்தியலா?

சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள் அந்த வீட்டு அம்மாள்.

"எனக்கு அவர்தாங்க. அன்னைக்கும் அவர்தான், இன்னைக்கும் அவர்தான்."

முன்னறையில் சாய்வு நாற்காலியில் கிடந்த கணவருக்கு அது நன்றாகவே கேட்டது. அவருக்கு மட்டுமா, ஊருக்கே கேட்டது. அதே குரல் ரேடியோவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

"நன்றிம்மா! சுத்தியலுக்கு இன்னொரு ஓட்டு!" என்றார் அறிவிப்பாளர்.

அந்த ரேடியோவில் வாரம் ஒரு கற்பனைக் குத்துச்சண்டை நடக்கும். அந்தக் காலத்து லைட்வெயிட் வீரர்களில், ஒருவரோடு ஒருவர் மோதாமலே ஓய்வு பெற்ற இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்கள். மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று நேயர்கள் போனில் சொல்ல வேண்டும். போன வாரம் பம்பரத்துக்கும் உடும்புக்கும். பம்பரம் எவ்வளவு சுற்றினாலும் உடும்பு பிடித்தால் விடாது என்று முடிவாயிற்று.

இந்த வாரம் குருவிக்கும் சுத்தியலுக்கும். நாற்காலியில் கிடந்தவர்தான் குருவி. பட்டப்பெயர் வைத்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது அந்த நாற்காலியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும்.

மனைவி ஒன்றும் தெரியாதவள் போலக் காபி டம்ளரோடு வந்தாள்.

"கட்டின பொண்டாட்டியோட ஓட்டு எதிராளிக்கா?"

"கேட்டுட்டீங்களா? மனசுல பட்டதைச் சொன்னேன். அவரோட இடது கை உங்களால தாங்கியிருக்க முடியாதுங்க. அந்தக் கையில அடி வாங்கின உடும்புக்கு ஒரு கண்ணே போச்சே."

"உடும்பு நின்னு வாங்கினான். நான் நிப்பேனா? காத்துலதான் குத்தியிருப்பான் உன் சுத்தியல்! எடை பார்க்கற இடத்துலயே என்னைக் கண்டு நடுங்கினவன்டி அவன்."

அது ஊரறிந்த கதை. சாம்பியன் பட்டத்துக்கு இவர்கள் இரண்டு பேரும் மோதவேண்டிய நாள். லைட்வெயிட் என்றால் அறுபது கிலோவைத் தாண்டக் கூடாது. ஆட்டத்தன்று காலையில் சுத்தியல் ஏறி நின்றபோது முள் அறுபதைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அவர் உடுப்பைக் கழற்றினார், தலையை மழித்தார், வாயிலிருந்த எச்சிலைக்கூடத் துப்பிப் பார்த்தார். முள் மனம் இரங்கவில்லை.

குருவிக்கு ஒரு குத்துக்கூட விடாமல் பட்டம் கிடைத்தது. அடுத்த வாரமே கல்யாணமும் ஆயிற்று. 'குருவிக்குப் பயந்து சோற்றில் ஒளிந்தவன்' என்று சுத்தியலுக்கு ஒரு பெயர் வந்தது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பரப்பியவர் சாட்சாத் குருவிதான்.

ரேடியோவில் இன்னொரு நேயர் வந்தார். "சுத்தியலுக்குக் கை நீளம் சார். நாக்கு அதைவிட நீளம்!" என்றார். அறிவிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குருவியும் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

"அப்படி ஒண்ணும் அலையற மனுஷன் இல்ல அவர். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கணும், அவ்வளவுதான்."

குருவியின் சிரிப்பு பாதியில் நின்றது. "அவன் நாக்கு ருசி உனக்கெப்படித் தெரியும்?"

"இதென்ன கேள்வி? பயிற்சிக்கூடத்துக்கு எதிர்லதானே எங்கப்பா சாப்பாட்டுக் கடை. உங்க எல்லாருக்கும் பரிமாறினது நான்தானே? உங்களுக்கு உப்பு கம்மி, அவருக்குத் தூக்கல்."

குருவிக்கு வயிறு எரிந்தது. பேரன் பேத்தி எடுத்த வயதில் என்ன பொறாமை என்று கேட்காதீர்கள். தலை நரைக்கும், பொறாமை நரைக்காது. தன்னைவிட நாலு விரல் உயரமான ஒருவன், அந்தக் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்கு நேற்றுப்போல ஞாபகம் வந்தது.

"அவன் உன்னைப் பார்ப்பான். எனக்குத் தெரியும்."

"பார்ப்பார். எனக்கும் தெரியும்."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிவிட்டாள். குருவி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்த கேள்வி ஒருவழியாக வெளியே வந்தது.

"உண்மையைச் சொல்லு. என்னைக் கட்டிக்கிட்டப்போ உன் மனசுல இருந்தது அவன்தானே?"

ரேடியோவில் அறிவிப்பாளர் முடிவைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அவள் எட்டி அதை நிறுத்தினாள்.

"என் மனசுல அவர் இருந்திருந்தா, அந்த ஆட்டம் நடந்திருக்கும்."

"என்னடி உளர்ற?"

"ஊரே கைகொட்டிச் சிரிச்சப்பவும் வாயைத் திறக்காத மனுஷன். அவருக்கு ஒரு ஓட்டாவது போட வேண்டாமா?"

"வாயைத் திறந்து என்னத்தைச் சொல்லியிருக்கப் போறான்?"

குடிக்காமல் ஆறிப்போன காபியைச் சுட வைக்க எடுத்துக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று அவள் சொன்னாள்:

"முந்தின நாள் தனக்கு வயிறு முட்டச் சோறு போட்டது, நீங்க கட்டிக்கப்போற பொண்ணுன்னு."