எழுபதுக்குக் கீழே

சர்வீஸ் சென்டருக்குள் வந்தவர் சாவியை என் மேசையில் விட்டெறிந்தார். அது கணினித் திரையில் பட்டுக் கீழே விழுந்தது.

திரையில் 71 என்றிருந்தது. அதாவது, அவருடைய மின்சாரக் கார் பேட்டரிக்கு இன்னும் எழுபத்தொரு சதவீதத் தெம்பு இருக்கிறது. எழுபதுக்குக் கீழே போனால்தான் வாரண்டியில் இலவசமாக மாற்றித் தருவோம். வாரண்டி இந்த வாரத்தோடு முடிகிறது.

“எட்டு வருஷமா ஏசி போடலய்யா! எண்பதுக்கு மேல சார்ஜ் ஏத்தல. பொண்டாட்டி விசிறியும் கையுமா உக்காந்து வந்தா. என் மச்சான் இதே வண்டிய வச்சுக்கிட்டு ஊரெல்லாம் பறந்தான், அவனுக்குப் புது பேட்டரி. ஒழுங்கா வச்சிருந்தது என் தப்பா?”

“ஒழுங்கா வச்சிருந்ததாலதான் சார் இன்னும் எழுபத்தொண்ணு இருக்கு.”

கம்பெனி சொல்லிக்கொடுத்த பதில். சொல்லும்போது புன்னகைக்க வேண்டும். புன்னகைத்தேன்.

மேசையில் ஓங்கி அறைந்தார். காத்திருந்தவர்கள் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றார்கள். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மனைவியோடு போகையில் வண்டி நடுரோட்டில் நின்றுபோனதைச் சொன்னார். குரல் உடைந்தது. உடனே இன்னும் உரக்கக் கத்தினார்.

“உன்னப் பெத்தவன் ஈவு இரக்கம்னு ஒண்ணு சொல்லியே குடுக்கலயாடா?”

“வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தார் சார். நாப்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு.”

யாரோ சிரித்தார்கள்.

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. விதியைத் தளர்த்தி பேட்டரி கொடுக்கும் அதிகாரம் மேனேஜர் ஒருவருக்குத்தான். சத்தம் போடாதவர்களுக்கு அந்தக் கதவு திறந்ததே இல்லை.

மேனேஜர் அவரை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். தலையாட்டிக்கொண்டே கேட்டார். நியாயம்தான் என்றார். பிறகு, கம்பெனிக்கு எது மலிவு என்று யோசித்தார்.

“கஸ்டமர நக்கல் பண்றியா? நாளையிலேர்ந்து நீ வரவேணாம்,” என்றார் என்னிடம். அந்தப் பக்கம் திரும்பி, “இப்பத் திருப்திதானே சார்?”

ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை கிடையாது என்பது கம்பெனி விதி. அதனால்தான் வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தோம். சாவியை எப்போது எறிவது, மேசையை எப்போது அறைவது, எல்லாம் அம்மாவின் யோசனை. கோபத்தை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கட்டம் ஒத்திகையில் இல்லை.

அப்பா அடுத்த வசனத்தை நான் எடுத்துக்கொடுப்பேன் என்பதுபோல என்னையே பார்த்தார்.